சாமி வந்த வேன்

டவுன்ஷிப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். பாராட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. என் வேலைக் காலத்தில் என்னைக் குலைநடுங்க வைத்த போன் ஒன்று உண்டென்றால், அது ஒரு பாராட்டுப் போன்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே புலம்புவேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இது என் சுபாவம். நான் பயந்தாங்கொள்ளி. இந்த வேலைக்குப் பயந்தாங்கொள்ளிதான் வேண்டும் என்பது என் கட்சி.

நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு டவுன்ஷிப், நம் ஊர் நகராட்சி மாதிரி. அங்கே டாக்சிக்காரர்களுக்கும் வாடகை வேன் ஓட்டுபவர்களுக்கும் லைசன்ஸ் கொடுக்கிற மேஜை என்னுடையது. கார் ஓட்டுவதற்கு மாநிலம் லைசன்ஸ் கொடுக்கும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவரை ஏற்றிப் போவதற்கு, அதற்கும் மேலே, எங்கள் டவுன்ஷிப்பின் லைசன்ஸ் ஒன்று தனியாக வேண்டும். அந்த ஆளை நம்பி ஏறலாமா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. கல்யாண வீடுகளில் நம் ஆட்கள் கேட்பார்கள், "மேடம், நீங்க ஐ.டி.ல இல்லையா?" என்று. இல்லை, டாக்சி லைசன்ஸ் என்றால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். பிறகு மெல்ல, "எங்கப்பா அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க, ஏர்போர்ட்டுக்கு நல்ல டிரைவர் யாராவது..." என்று இழுப்பார்கள். போகட்டும்.

அன்று குளிர் கடுமையான ஒரு வெள்ளிக்கிழமை. காலைக் காபி முடிவதற்குள் போன் அடித்தது.

"மேடம், நீங்க தமிழா? அப்பாடா! நான் டேகேர் ஆன்ட்டி பேசுறேன்."

எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அந்த அம்மாவைத் தெரியும். வீட்டிலேயே டேகேர் நடத்துகிறார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை அழைத்து வந்து, தோசை வார்த்துக் கொடுத்து, அப்பா அம்மா ஆபீசிலிருந்து வரும்வரை பார்த்துக்கொள்வார். வயதில் என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார். ஊரே ஆன்ட்டி என்பதால் எனக்கும் ஆன்ட்டி. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் முத்துக்குமார் என்பவரின் வாடகை வேனை மாதக் கணக்கில் பேசி வைத்திருந்தார். தினமும் பள்ளிக்கூட வாசலுக்கு வேன் போகும், முன் சீட்டில் ஆன்ட்டி, பின்னால் பிள்ளைகள்.

"சாமிக்கு லைசன்ஸ் ரெனியூவல் வருதாமே மேடம்? லேட் பண்ணிடாதீங்க. நல்லவரு. அவரைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா சொல்லிடலாம்னுதான் ஃபோன் பண்ணேன்."

முத்துக்குமார் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம் இல்லையா, அதனால் சாமி. ஆன்ட்டி அடுக்கிக்கொண்டே போனார். இந்தக் குளிரில் செருப்பு இல்லாமல் வேன் ஓட்டுகிறாராம். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியலாம். சாயங்காலப் பூஜை முடிந்த பிறகுதான் சாப்பாடாம். நானும் "ஓகோ, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து நடந்ததைச் சொன்னா உங்களுக்குப் புல்லரிக்கும் மேடம். அவருக்கு சாமி வந்துடுச்சு. வண்டிக்குள்ளயே!"

"வண்டிக்குள்ளயா?"

"ஆமாங்கிறேன்! பசங்களைக் கூட்டிட்டு வர்றோம். சிக்னல்ல நிக்குது வண்டி. பச்சை விழுந்தாச்சு, நகரல. பின்னாடிக்காரன் ஹாரன் அடிக்கிறான். திரும்பிப் பார்க்கிறேன், சாமிக்கு முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. வெளிய ஸ்னோ மேடம்! கையெல்லாம் நடுங்குது. கண்ணு எங்கேயோ நிலைகுத்தி நிக்குது. சாமி சாமின்னு கூப்பிடுறேன், வாய் மட்டும் என்னமோ முணுமுணுக்குது, நம்ம பாஷையே இல்ல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. கையெடுத்துக் கும்பிட்டேன். பையில கோயில் சக்கரைப் பொங்கல் இருந்துச்சு. பிரசாதம் சாமின்னு வாயில ஊட்டினேன். முழுங்கினாரு. கொஞ்ச நேரத்துல அப்படியே தெளிஞ்சு, சாமி சரணம்னுட்டு வண்டியை எடுத்துட்டாரு. ஒண்ணுமே நடக்காத மாதிரி!"

என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. ஒருமுறை மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மறந்துவிட்டார். அடுப்படியில் நின்றுகொண்டு, சட்டையெல்லாம் நனைய, கை நடுங்க, சம்பந்தமில்லாமல் உளறிக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டேன், பத்து நிமிடத்தில் மனிதர் சரியாகிவிட்டார். ஆன்ட்டி சொன்னது அத்தனையும் நான் என் கண்ணால் பார்த்தது.

"ஆன்ட்டி, அவருக்கு சுகர் இருக்கா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும் மேடம். காலைல ஒரு ஊசி போட்டுக்குவாரு, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! கர்த்தாவே! காலையில் இன்சுலின் ஊசி, சாயங்காலம் வரை வெறும் வயிறு, நடுவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. அது சாமி இல்ல. சுகர் இறங்கியிருக்கு."

ஆன்ட்டியின் குரல் மாறிவிட்டது. "சாமி விஷயத்துல இப்படியெல்லாம் பேசாதீங்க மேடம்."

"நேத்து நடந்ததை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சேச்சே! சாமி வந்தவங்ககிட்டயே அதைச் சொல்லிக் காட்டலாமா? எங்க ஊர்ல சொல்ல மாட்டாங்க. மாலையைக் கழட்டுற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"இன்னைக்குப் பசங்களைக் கூட்டிட்டு வரப் போறது யாரு?"

"இதென்ன கேள்வி? சாமிதான். எப்பவும் போல மூணு மணிக்கு."

போனை வைத்தபோது எனக்கு வேர்த்திருந்தது. என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புகார் என்று ஒன்று இல்லை. பார்த்த ஒரே சாட்சி அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். அதற்கும் மேலே, நான் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள். மாலை போட்ட ஒருவரின் வண்டியை நான் நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும்? வாட்சப்பில் என்ன ஓடும்? எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்துவிட்டது. மூன்று மணியும் வந்துகொண்டிருந்தது.

கிளார்க்கிடம் ஓடினேன். இங்கே கிளார்க் என்றால் குமாஸ்தா இல்லை, டவுன்ஷிப்பின் கையெழுத்தே அவருடையதுதான். நல்ல மனுஷி, வெள்ளைக்காரப் பெண்மணி, ரொம்ப நிதானம். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அவர் மத வழக்கப்படி உபவாசம் இருக்கிறார், அதற்காக அவரை நிறுத்தச் சொல்கிறாய், அப்படித்தானே?" என்றார்.

"உபவாசத்துக்காக இல்லை. ஊசிக்காக."

"வெளியே பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தோன்றும் என்று யோசித்தாயா? டவுன்ஷிப் வக்கீலைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்." வக்கீல் கோர்ட்டில் இருந்தார். திங்கட்கிழமை பேசலாம் என்று அவர் உதவியாளர் சொன்னார்.

திங்கட்கிழமையாம். அதற்குள் இன்று ஒரு முறை அந்த வேன் பிள்ளைகளோடு ஹைவேயில் போகும். நான் என் மேஜைக்குத் திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். பக்கத்து மேஜையில் வண்டிகளைச் சோதனை செய்கிற மனிதர் இருந்தார், என் பல வருடத்து நண்பர். என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதற்கா இந்தப் பாடு? வேனைச் சோதனைக்குக் கூப்பிடு. பிரேக் பார்க்கணும் என்று சாயங்காலம் வரை நான் இழுத்தடிக்கிறேன். திங்கட்கிழமை மற்றதைப் பார்த்துக்கொள்."

சத்தியமாகச் சொல்கிறேன், சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. எத்தனை சுலபம் பாருங்கள். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை, சாமிக் குற்றமும் இல்லை. ஆனால் பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நில்லுங்கள். பிரேக் என்று சொல்லி வேனை நிறுத்தினால், அந்த மனிதருக்குப் பிரேக் சரியாக இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். தன் உடம்பில் என்ன நடந்தது என்பது தெரியாது. சனிக்கிழமை ஏர்போர்ட் சவாரிக்கு அதே மாதிரி ஊசி போட்டுக்கொண்டு, அதே மாதிரி வெறும் வயிற்றோடு கிளம்புவார். பின்னாளில் விசாரணை என்று வந்தால், பிரேக் என்று பொய் சொன்ன ஆபீசின் பேச்சை யார் நம்புவார்கள்? நிறுத்துவதென்றால் உண்மையான காரணத்தைச் சொல்லி நிறுத்துங்கள். சொல்லப் பயமாக இருந்தால், பயந்துகொண்டே சொல்லுங்கள்.

வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டு முத்துக்குமாருக்குப் போன் போட்டேன்.

"சாமி சரணம் மேடம், சொல்லுங்க."

அந்தக் குரலில் அவ்வளவு பணிவு. "சாமி, ஒண்ணு கேக்கணும். இன்சுலின் போட்டுக்கிறீங்களா?"

"ஆமா மேடம். தீபாவளிக்கு அப்புறம் டாக்டர் ஆரம்பிச்சாரு. கரெக்டா போட்டுக்கிறேன், ஒரு நாள் விடல."

"எங்களுக்குத் தெரியப்படுத்தணும்னு ரூல் இருக்கே சாமி."

"லைசன்ஸ் போயிடுமோன்னு பயம் மேடம். தப்புதான்."

"விரதம் இருக்கிறது டாக்டருக்குத் தெரியுமா?"

"அவரு பஞ்சாபிக்காரரு மேடம். அவருகிட்டப் போய் இதையெல்லாம் என்னன்னு சொல்றது?"

"நேத்து வண்டி ஓட்டுறப்போ உங்களுக்கு சுகர் இறங்கி நினைப்புத் தப்பிப் போச்சுன்னு எங்களுக்குத் தகவல் வந்திருக்கு."

"நேத்தா? நேத்து ஒண்ணுமே நடக்கலயே மேடம்!" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, வெறும் ஆச்சரியம்தான் இருந்தது. "யாரு சொன்னா? வண்டில இருந்தது டேகேர் ஆன்ட்டியும் பசங்களும்தான். ஆன்ட்டியைக் கேட்டுப் பாருங்க. வேற எவனோ தொழில்ல போட்டிக்குச் சொல்றான் மேடம். நான் மாலை போட்டிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன்."

என்னத்தைச் சொல்ல! தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்று ஆன்ட்டி கேட்டிருந்தாரே. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. பொய் சொல்கிறவர் அடுத்த முறை ஜாக்கிரதையாக இருப்பார். தனக்கு நடந்ததே தெரியாதவர் எதைப் பார்த்து ஜாக்கிரதையாக இருப்பார்?

மறுபடி கிளார்க்கின் அறைக்குப் போனேன். ஆனால் இந்த முறை எழுதிக்கொண்டு போனேன். விரதம், மாலை, சாமி என்று ஒரு சொல் இல்லை. இன்சுலின் ஆரம்பித்ததை டிரைவர் தெரிவிக்கவில்லை, அதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஓட்டும்போது நினைவு தவறியதாகத் தகவல் வந்திருக்கிறது. டாக்டர் கடிதமும் விசாரணையும் வரும்வரை லைசன்ஸ் நிறுத்தி வைக்கப்படுகிறது. இவ்வளவுதான். கிளார்க் படித்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "உன் பிள்ளையாக இருந்தால் அந்த வேனில் இன்று ஏற்றுவாயா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இது தப்பென்று ஆனால், தப்பு உன்னுடையது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

நோட்டீசை வாங்க முத்துக்குமார் ஆபீசுக்கே வந்தார். கறுப்புச் சட்டை, நெற்றியில் சந்தனம், ஈரமான வாசல் கால்மிதியில் வெறும் கால். லாபியில் இருந்தவர்கள் எல்லாம் அந்தக் கால்களையே பார்த்தார்கள். லைசன்ஸ் அட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க மேடம், எனக்குத் தெரியாம என் உடம்புல ஒண்ணு நடக்குமா?" என்றார். நடக்கும் சாமி, என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார், நம்பவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது. வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "மூணு மணிக்குப் பசங்க வெயிட் பண்ணுவாங்களே மேடம், யாரு போவாங்க?" என்று கேட்டார்.

அன்று பெற்றோர்கள் அங்கங்கே மீட்டிங்கை விட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். சாயங்காலம் ஆன்ட்டி கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா? நல்லது சொல்லத்தானே ஃபோன் பண்ணேன்? விரதத்துல இருக்கிறவரு வயித்துல அடிச்சிட்டியே! சாமி என்கிட்ட வந்து கேக்குறாரு, நீங்க ஏதாவது சொன்னீங்களா ஆன்ட்டின்னு. உங்க மேல ஒரு குறையும் நான் சொல்லலன்னு ஐயப்பன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன். அது உண்மைதானே?"

உண்மைதான். அவர் குறை எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. வாட்சப் குரூப்பில் யாரோ எழுதினார்களாம், "அந்த ஆபீசர் கிறிஸ்டியன், அதான்" என்று. எனக்கு அனுப்பி வைக்கவும் ஒரு நல்ல உள்ளம் இருந்தது. இந்தியன் ஸ்டோரில் என்னைப் பார்த்ததும் ஒரு பெண் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். என் வீட்டுக்காரர், "உனக்கு ஏன் இந்த வம்பு? ரிட்டயர் ஆகப்போற காலத்துல?" என்றார். உங்கள் சர்க்கரையால்தான் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர்கள் சாமி மேலேயும் பயம் வந்துவிட்டது. ஒருவேளை உண்மையிலேயே சாமிதான் வந்ததோ? நான் யார் இல்லை என்று சொல்ல? ஒரு வெற்றுப் போன் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் பிழைப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர் ஏதோ கிடங்கில் பெட்டி தூக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை, அந்த வெறுங்கால்கள்தான் வந்தன.

உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வரும். அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் அவரைத் தண்டிக்கவில்லை. அவருக்கு நடந்தது அவருக்குத் தெரிந்துவிட்டால் போதும், ஊசிக்குப் பிறகு எதையாவது சாப்பிடுவார், சர்க்கரை பார்க்கிற மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார், லைசன்ஸ் தாராளமாகத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அவர் நம்புகிற வாயிலிருந்து அது வரவேண்டும். அந்த வாயோ மூடிக்கொண்டிருந்தது.

விசாரணை நாள் வந்தபோது மகரஜோதி முடிந்திருந்தது. முத்துக்குமார் மாலையைக் கழற்றிவிட்டார். கோட்டு, பாலிஷ் போட்ட ஷூ, மழித்த முகம். எனக்கு அடையாளமே தெரியவில்லை. டாக்டர் கடிதம் கொண்டுவந்திருந்தார். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, வண்டி ஓட்டத் தடையில்லை என்று அதில் இருந்தது. நடந்ததைச் சொல்லாத நோயாளிக்கு டாக்டர் வேறு என்ன எழுதுவார்? சாட்சியாக டேகேர் ஆன்ட்டியையும் கூட்டிவந்திருந்தார். ஆன்ட்டி பட்டுப்புடவைக்கு மேலே பெரிய குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார்.

வராந்தாவில் வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நம்மிடம் இருப்பது நீ போனில் கேட்ட பேச்சு மட்டும்தான். அந்த அம்மா அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால், நாளையே அவர் வேனை எடுப்பார். இன்சுலினைத் தெரிவிக்காததற்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவோடு முடிந்துவிடும்." நாளை மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்.

டவுன்ஷிப் கவுன்சிலிலிருந்து மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் வயதானவர், சாந்தமான முகம். முத்துக்குமார் ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னார். ஊசியைச் சொல்லாதது தப்பு, மன்னிக்க வேண்டும், ஆனால் வண்டியில் எனக்கு ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை, தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வருபவரையே கேட்டுப் பாருங்கள் என்றார். மேஜையில் இருந்தவர்களுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. எனக்கே பிடித்திருந்தது.

ஆன்ட்டி தமிழில்தான் பேசுவேன் என்றார். நான் மொழிபெயர்க்கக் கூடாது, நான் ஒரு தரப்பு. அதனால் மேஜை மேல் ஸ்பீக்கர் போனை வைத்து, எங்கிருந்தோ ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆன்ட்டி கொஞ்சம் பேசி நிறுத்த வேண்டும், அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்வார் என்று ஏற்பாடு. ஆன்ட்டியா நிறுத்துவார்?

"மாலையைக் கழட்டியாச்சு, இனிமே சொல்லலாம்" என்று ஆரம்பித்தார். முகமெல்லாம் சிரிப்பு. மேஜையைப் பார்த்து இல்லை, முத்துக்குமாரைப் பார்த்துத்தான் பேசினார். "சாமி, இத்தனை நாள் உங்ககிட்ட மறைச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. இவங்க உங்களை யாருன்னு நினைச்சுட்டாங்க? அன்னைக்கு உங்களுக்கு சாமி வந்துச்சு."

முத்துக்குமார் புரியாமல் சிரித்தார்.

"ஹைவேல வந்துட்டிருக்கோம். நான் ஏதோ கேக்குறேன், உங்ககிட்ட பதில் இல்ல. பார்த்தா வேர்த்து ஊத்துது, கண்ணு நிலைகுத்திப் போச்சு. ரெண்டு கையும் ஸ்டீயரிங்கை விட்டு மடியில விழுந்துடுச்சு. வண்டி மட்டும் ஓடிட்டே இருக்கு. லேன் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகுது, ட்ரக்குக்காரன் பக்கத்துல வந்து ஹாரன் அடிக்கிறான்..."

"அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க, நான் சொல்லிடுறேன்" என்றது போன்.

"இரும்மா, முடிச்சுக்கிறேன்! எனக்கு டிரைவிங்கே தெரியாது. நான்தான் எட்டி ஸ்டீயரிங்கைப் பிடிச்சேன். அதுக்காக இவங்க என்னைப் புடிச்சிடக் கூடாது, எனக்கு லைசன்ஸ் கிடையாது. அதுக்குப் பயந்துதான் அந்த மேடம்கிட்டகூட இதைச் சொல்லல. சிக்னல்ல நின்னதை மட்டும் சொன்னேன். ஆனா அது என் கையா சாமி? ஐயப்பன் கை! சிக்னல் வர்ற வரைக்கும் அவர்தான் ஓட்டிட்டு வந்தாரு. உங்க கால் தானா பிரேக்குக்குப் போச்சு. அப்புறம்தான் நான் பிரசாதம் ஊட்டினேன். அவ்வளவு பெரிய அனுக்கிரகம் உங்களுக்கு!"

ஹைவேயில் நடந்தது எனக்கும் புதிய செய்தி. முத்துக்குமாரைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. தன் கைகள் இரண்டையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆன்ட்டி," என்றார். "அப்போ பசங்க?"

"பசங்க பின்னாடி பாட்டுப் பாடிட்டு இருந்தாங்க சாமி. ஒருத்தருக்கும் ஒண்ணுமே தெரியல."

முத்துக்குமார் எழுந்து நின்றார். ஆங்கிலம் அவருக்குத் தடுமாறியது. "சார், லைசன்ஸ் வேண்டாம். எனக்கு இப்ப குடுக்காதீங்க, சார்" என்றார்.

தலைவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தமிழ் காதில் விழுந்திருக்கிறது, ஆன்ட்டியின் சிரித்த முகம் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். "உட்காருங்கள்" என்றார் அன்பாக. "உங்கள் சாட்சி உங்களுக்காக நன்றாகத்தானே பேசுகிறார். என்ன சொன்னார் என்று நாங்களும் கேட்கிறோம்."

முத்துக்குமார் உட்காரவில்லை. போனில் இருந்த பெண் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.